கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டவர்

சாவுச் செய்தி என்னிடம் ஐஸ் கேட்டு வந்தது.

காலை வியாபாரம் ஓய்ந்து, மீன்கூடைக்காரப் பெண்களின் சத்தமெல்லாம் அடங்கிய நேரம். ஐஸ் ஆலையின் ஸ்டோர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ராயபுரம் பனைமரத்தொட்டித் தெருப் பக்கத்திலிருந்து ஒருவர் கைவண்டியோடு வந்து, “ரெண்டு பார் ஐஸ் வேணும்” என்றார். இத்தனை காலம் ஐஸோடு இருந்தவனுக்கு வாயில் வருகிற கேள்விதான் எனக்கும் வந்தது. “இன்னா விசேஷம், கல்யாணமா?” என்றேன்.

“மவுத்து, நைனா. நம்ம இஸ்மாயில் பாய். ராத்திரி நல்லாத்தான் துன்னாரு, படுத்தாரு. காலையில தொழுகைக்கு எழுப்பினா எழுந்திருக்கல. பெரிய பொண்ணு பழவேக்காட்டுலேர்ந்து வந்துகினு கீது. அது வந்து மூஞ்சியப் பாக்கணுமில்ல?”

எழுந்து உள்ளே போனேன். கூட வேலை செய்கிற ஏழுமலை ஒரு பாளத்தைக் கொக்கியில் மாட்டி இழுத்துவந்தான். வேண்டாம் என்றேன். இன்னொன்றை இழுத்துவந்தான். அதையும் வேண்டாம் என்றேன். அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இன்னா மாணிக்கம், பொண்ணு பாக்குற மாதிரி பாத்துகினு கீற? கரையப்போற கட்டிதானே!” என்றான். யாருக்கு என்று சொன்னேன். கொக்கியைக் கீழே போட்டுவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

இஸ்மாயில் பாயைத் தெரிந்தவர்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம் ஆலையின் மெஷின்கள் அத்தனையும் அவர் கையில்தான் இருந்தன. காதில் பீடி, தோளில் ஈரத் துண்டு, எண்ணெய்க் கறை படாத வெள்ளைத் தொப்பி. மெஷின் ரூமில் நாள் முழுக்கப் புரண்டாலும் தொப்பியில் கறை படாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். ஆனால் பாய் கர்வம் இல்லாதவர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். “என் கையில மெஷின் ஒருநாளும் பேஜாரு பண்ணாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

ஐஸ் செய்கிறவர் ஐஸைத் தொட்டுத் தின்றதில்லை. சித்திரை வெயிலில் நாங்கள் எல்லாரும் சில்லுகளை வாயில் போட்டுக்கொண்டிருந்தால், அவர் மட்டும் கொதிக்கக் கொதிக்க டீ வாங்கி ஊதி ஊதிக் குடிப்பார். ஏன் பாய் என்று கேட்டால், “டெய்லரு துணியத் துன்றானா?” என்பார்.

அமோனியா எங்கேயாவது கசிந்தால் எங்களுக்குக் கண் எரியும், இருமல் வரும், ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். பாய் மட்டும் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் குழாயாகக் காட்டிக்கொண்டே போவார். கசிவு இருக்கிற இடத்தில் திரியின் புகை பால் மாதிரி வெளுக்கும். “இங்கதான் கீறியா நீ” என்று குழாயிடம் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுப்பார். அந்த நேரத்தில் பார்த்தால் வீட்டில் சாம்பிராணி போடுகிறவர் போலத்தான் இருக்கும்.

எந்தக் கோளாறு வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “கடைசியா இத்த தொட்டது யாரு?” பம்பு நின்றால் இதே கேள்வி. பெல்ட் அறுந்தால் இதே கேள்வி. ஒருநாள் டீக்கடையில் டீ கசந்தது என்று, “கடைசியா இந்தப் பாய்லரத் தொட்டது யாரு?” என்று கேட்டுக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் அவரை அந்தக் கேள்வியைச் சொல்லியே கேலி செய்வோம். அவர் சளைக்கமாட்டார். “தானா கெட்டுப்போற மெஷின் நூத்துல ஒண்ணு நைனா. மிச்சமெல்லாம் எவனோ ஒருத்தன் கை பட்டுக் கெட்டது. அந்தக் கையக் கண்டுபிடிச்சா போதும், கோளாறு தானா வெளிய வந்துடும்” என்பார்.

அந்தக் கேள்வி ஒரு தடவை அவரிடமே திரும்பி வந்தது. நான் சொல்ல வந்தது அதைத்தான். அதைச் சொல்லாமல் பாய்க்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை.

ஐஸ் செய்வதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதற்குள் அமோனியா ஓடுகிற குழாய்கள். குழாய்கள் உப்புத் தண்ணீரைக் குளிர வைக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை அதில் இறக்கி வைத்தால், கேனுக்குள் இருக்கிற தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இறுகிக்கொண்டே போகும். உப்புத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காமல் தொட்டியைச் சுற்றி ஓட வேண்டும். அதற்காகத் தொட்டியின் ஒரு கோடியில், தண்ணீருக்குள், ஒரு விசிறி உண்டு. அதைச் சுற்ற மேலே ஒரு மோட்டார். கேன்களிலிருந்து சிந்துகிற நல்ல தண்ணீர் கலந்து உப்பு குறைந்துகொண்டே வரும் என்பதால், அதற்குப் பக்கத்திலேயே நான் ஸ்டோரிலிருந்து அனுப்புகிற உப்பு மூட்டைகளைக் கொட்டுவார்கள். விசிறி தள்ளுகிற தண்ணீர் அந்த உப்பைக் கரைத்துத் தொட்டி முழுக்கக் கொண்டுபோகும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல ஆலையை ஒருநாள் நிறுத்தினோம். பூஜையில் நம் ஆட்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கம்ப்ரஸரை இருந்த இடத்திலேயே துடைத்துப் பொட்டு வைத்துவிடலாம். கையால் தூக்க முடிந்த சாமான் எதுவாக இருந்தாலும் கழற்றி, கழுவி, சாமி படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாக வேண்டும். விசிறி மோட்டாரையும் அப்படித்தான் வைப்போம். அதைக் கழற்றித் தருவது பாய். “சாமி முன்னால அழுக்கு மோட்டார வெச்சா எனக்கில்ல கெட்ட பேரு?” என்று அவரே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எங்களைவிடப் பளபளப்பாக்கித் தருவார். நாங்கள் சந்தனம், குங்குமம் வைத்து, தொட்டியின் விளிம்பு நெடுக சாமந்தி மாலை கட்டுவோம். பூஜை முடிந்ததும் பாய் மோட்டாரைத் தூக்கிப்போய் மறுபடி மாட்டுவார். அந்த வருஷமும் மாட்டினார். ஏழுமலை நீட்டிய சுண்டலை ஒரு கையில் வாங்கிக்கொண்டே வயரை முறுக்கினார். மோட்டார் ஓடியது. எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

ஒருநாள் நிறுத்தினால் தொட்டி சூடேறிவிடும், பழையபடி ஐஸ் பிடிக்க நாளாகும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் கவலைப்படவில்லை. ஆனால் நாளாக ஆக நிலைமை மோசமாயிற்று. வெளியே எடுத்த பாளங்கள் ஓரத்தில் மட்டும் இறுகி, நடுவில் தண்ணீரோடு வந்தன. கேனிலிருந்து கவிழ்த்தால் பாதி உடைந்து தண்ணீர் கொட்டியது. வாசலில் கூடைகளோடு நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? “இன்னாடா இது, ஐஸ் கேட்டா இளநி வெட்டிக் குடுக்கிறீங்க!” என்று ஒருத்தி கூவினாள். சிரிப்புக்குப் பின்னால் வயிற்றெரிச்சல் இருந்தது. காலையில் வாங்கிய மீன் மத்தியானத்துக்குள் நாறினால் அது அவர்கள் வீட்டுச் சோறு.

பாய் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தார். சூடான அமோனியாவை ஆற்றுகிற குழாய்களின் மேல் தண்ணீர் சொட்டுகிற மேல்தளத்துக்கு ஏறி, படிந்திருந்த சுண்ணாம்பையெல்லாம் சுரண்டினார். ஐஸ் சரியாகவில்லை. அமோனியா குறைந்துவிட்டதா என்று பார்த்தார். குறையவில்லை. குழாய்க்குள் எண்ணெய் அடைத்திருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார். அடைக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அவருடைய கேள்வி. தண்ணீர் பம்பு ஆளைக் கேட்டார். கேன் இறக்குகிறவர்களைக் கேட்டார். ஏழுமலையை இரண்டு தடவை கேட்டார். என்னையும் கேட்டார், உப்பு மூட்டைகளைக் கடைசியாகத் தொட்டது யார் என்று. “நான்தான். ஸ்டோர் கீப்பர் தொடாம கலெக்டரா தொடுவாரு?” என்று எரிந்து விழுந்தேன். எனக்கு முன்கோபம் என்பதும் நீங்கள் அறிந்ததே.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்களே, அதே மாதிரி உப்புத் தண்ணீருக்கும் ஒன்று உண்டு. பாய் கடைசியில் அதை எடுத்துத் தொட்டியின் நடுவில் மிதக்கவிட்டார். கண்ணாடி ஆழமாக மூழ்கிவிட்டது. உப்பு மிகவும் குறைவு என்று அதற்கு அர்த்தம். உப்பு குறைந்த தண்ணீர் குழாய்களின் மேலேயே உறைந்து, போர்வை போர்த்திய மாதிரி குளிரை வெளியே விடாமல் தடுத்துவிடும். ஆக, ஐஸ் ஏன் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கூடவே எனக்குச் சனியும் பிடித்தது.

ஏனென்றால் என் மாமியார் கண்ணம்மா காசிமேட்டு மணலில் கருவாடு காயவைக்கிறவள். கருவாட்டுக்கு உப்பு வேண்டும். ஆலை ஸ்டோரில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஸ்டோர் சாவி மருமகன் இடுப்பில் தொங்குகிறது. இதைக் கூட்டிப் பார்க்க முதலாளிக்கு நேரம் ஆகவில்லை.

“மூட்டை மூட்டையா ஸ்டோரை விட்டுப் போகுது. தொட்டிக்கு வந்து சேரலைன்னா வேற எங்க போச்சு? உன் மாமியார் வீட்டுக் கருவாட்டைக் கேட்டா அது சொல்லும்” என்றார் முதலாளி, எல்லார் முன்னாலும். சனிக்கிழமையோடு என் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருட்டுப் பேரோடு போனால் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். நான் பாயைப் பார்த்தேன்.

பாய் சொன்னார்: “உப்பு கம்மின்னு கண்ணாடி சொல்லுது மொதலாளி. யாரு எடுத்தான்னு கண்ணாடி சொல்லல. கொஞ்சம் பொறுங்க.”

அந்த ஒரு வார்த்தை போதவில்லை எனக்கு. இவன் எடுத்திருக்க மாட்டான் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும், “நீயும் அவரு கூட சேந்துட்டியா பாய்?” என்று கத்தினேன். “தெரிஞ்சததான் நைனா என்னால சொல்ல முடியும்” என்றார். அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை.

வீட்டில் என் மனைவி சரோஜா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமியார் அழவில்லை. மறுநாள் காலையில் பெரிய மண்பானை நிறைய உப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள். கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள். முதலாளி வெளியே வரவில்லை. பாய்தான் வந்தார்.

“கருவாடு போடறவ வூட்ல உப்பு இல்லாம பின்ன இன்னா இருக்கும், குங்குமப்பூவா? இந்தா என் உப்பு. நான் காசு குடுத்து வண்டிக்காரங்கிட்ட வாங்குனது. நக்கிப் பாரு. உன் ஆலை உப்பா இதுன்னு நீயே சொல்லு பாய்!” என்றாள்.

பாய் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கூட்டம் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. ‘இது வேறு உப்பு’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் பிழைத்தேன். சொன்னால் மறுக்கவும் ஆள் இல்லை.

“அம்மா, அதுவும் எண்ணூரு உப்பளத்து உப்பு, இதுவும் எண்ணூரு உப்பளத்து உப்பு. உப்பு மேல யாரு பேரும் எழுதல. இத்த வெச்சு உன் மாப்ள திருடன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. எடுத்துனு போம்மா. வெயில்ல நிக்காத, கால் சுடும்” என்றார்.

மாமியார் அவரை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. பாய் தலை குனிந்து கேட்டுக்கொண்டு, பானையைத் தூக்கிவிடக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் மேல் ஏறினாராம். அப்போது நான் அங்கே இல்லை; ஸ்டோரில் என் சாமான்களை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கூட இருந்த ஏழுமலை பிறகு சொன்னதுதான் இது. தொட்டியை மூடியிருந்த பலகைகளில், விசிறிக்குப் பக்கத்துப் பலகை ஒன்றை ஏழுமலை தூக்கினான். உள்ளே ஒரு சாமந்திப் பூ மிதந்துகொண்டிருந்தது. பூஜையன்று கட்டிய மாலையிலிருந்து விழுந்தது. அந்தக் குளிரில் விறைத்து, மஞ்சள் மாறாமல் அப்படியே இருந்தது.

“பாத்தியா பாய், நம்ம சாமி பூ இன்னும் வாடல” என்றான் ஏழுமலை.

பாய் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி தள்ளுகிற தண்ணீரில் பூ விசிறியை விட்டு விலகி ஓட வேண்டும். அந்தப் பூ மெதுவாக, சோம்பேறித்தனமாக, விசிறியை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாய் காதிலிருந்த பீடியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அதுவும் விசிறியை நோக்கியே வந்தது. மோட்டாருக்கு மூன்று வயர்கள். அதில் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் நிற்காது. அதே சத்தத்தோடு எதிர்ப்பக்கம் சுற்றும். விசிறி தண்ணீருக்குள் மறைந்திருப்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. எதிர்ப்பக்கம் சுற்றுகிற விசிறி தண்ணீரைத் தள்ளுவதில்லை, பெயருக்குக் கலக்கிக்கொண்டிருக்கும். பாய் நீளமான மூங்கிலை எடுத்து, உப்பு கொட்டுகிற மூலையில் அடிவரை விட்டுக் கிளறினார். கட்டி கட்டியாக உப்பு மேலே வந்தது. பூஜைக்குப் பிறகு நான் அனுப்பிய மூட்டைகளெல்லாம் கரையாமல் அடியிலேயே படுத்துக் கிடந்தன.

பாய் பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “யாரக் கேக்காம உட்டேன் தெரியுமா ஏழுமல?” என்றாராம். “என்னத்தான்.”

ஏழுமலை நல்லவன். பாயின் மேல் அவனுக்கு உயிர். மெதுவாகச் சொல்லியிருக்கிறான்: “வயர மாத்திப் போட்டுட்டு சும்மா இரு பாய். ஐஸ் புடிச்சிடுச்சுன்னா எல்லாம் மறந்துபூடும். மாணிக்கத்த நான் மொதலாளி கைல கால்ல வுழுந்து காப்பாத்தறேன். நீ வாயத் தொறந்தேன்னா, பூஜ மோட்டார பாய் கையில குடுத்ததாலதான் இப்டின்னு எவனாவது ஒருத்தன் பேசுவான். அதுவுமில்லாம உன்ன போர்மேன் ஆக்கறேன்னு மொதலாளி சொல்லிக்கினு கீறாரு. அதுவும் பூடும்.”

அது வெறும் பேச்சு இல்லை. அந்தப் பதவிக்கு பாய் எத்தனை வருஷம் ஆசைப்பட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். போர்மேன் ஆனால் போட்டுக்கொள்ள ஒரு காக்கிக் கோட்டுக்கூடத் தைத்து வைத்திருந்தார்.

“பேசறவன் பேசட்டும். மன்னிச்சு உட்டாருன்னா மாணிக்கம் திருடன்தான்னு ஆயிடும். அவன் திருடலன்னு ஆவணும்” என்றாராம் பாய். எழுந்தவர் வயரைத் தொடவில்லை. “இப்டியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முதலாளி தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். வேலையாட்கள் எல்லாரும் இருந்தார்கள். வாசலில் ஐஸுக்கு நின்ற பெண்களையும் பாய் உள்ளே கூப்பிட்டிருந்தார். அவர்களில் என் மாமியாரும் இருந்தாள். பாய் நனைந்த கையில் ஒரு உப்புக்கட்டியோடு நின்றார். அவர் தொப்பியில் அன்றுதான் எண்ணெய்க் கறையைப் பார்த்தேன்.

“மொதலாளி, உப்பு தொட்டியிலதான் கீது. கரையல. மோட்டாரு எதிர்ப்பக்கம் சுத்திக்கினு கீது. இதோ பூவப் பாருங்க, எந்தப் பக்கம் போவுதுன்னு. பூஜை அன்னிக்கு வயரு மாட்டனது நான். கடைசியா தொட்டது நான்தான். மாணிக்கம் ஒரு கல்லு உப்பு எடுக்கல.”

முதலாளி நம்பமுடியாமல், “நீயா?” என்றார்.

“நான்தான்” என்றார் பாய். பிறகு அந்த உப்புக்கட்டியை எடுத்துக்கொண்டு நேராக என் மாமியாரிடம் போய் நீட்டினார். “அம்மா, உன் மாப்ள உப்பு இங்கதான் கீது. அன்னிக்கு எனக்குத் தெரியல. இன்னிக்குத் தெரிஞ்சிடுச்சு.”

மாமியார் அந்த உப்புக்கட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். எல்லார் முன்னாலும்தான் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்புறம்தான் பாய் மேலே ஏறி இரண்டு வயர்களை இடம் மாற்றினார். தண்ணீர் சலசலவென்று ஓட ஆரம்பித்தது. பூ விசிறியை விட்டு விலகி, கேன்களுக்கு நடுவே போய் மறைந்துவிட்டது. உப்பு கரைந்து, குழாய்களில் கட்டியிருந்த ஐஸ் உதிர்ந்து, பாளங்கள் பழையபடி நடுவரைக்கும் இறுகச் சில நாட்கள் ஆயின. முதலாளி என்னிடம் வந்து, “மனசுல வெச்சுக்காதே” என்றார். பாயிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போர்மேன் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார். பாய் கடைசி வரைக்கும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார். அந்தக் காக்கிக் கோட்டைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பற்றி நான் பேச்செடுத்தபோதெல்லாம், “ராயபுரத்து வெயிலுக்குக் கோட்டு எதுக்கு, கலீஜா வேர்த்துக் கொட்டும்” என்று பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு வருத்தம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இருந்தது. அதை என் பக்கம் திருப்பாமல் தானே வைத்துக்கொண்டார்.

ஏழுமலை பயந்த பேச்சும் வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால், மோட்டாரைக் கழற்ற வேறு ஆளைக் கூப்பிடலாமே என்று ஒருவர் இழுத்தார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐஸ் வாங்க வந்திருந்த என் மாமியார் கூடையை இறக்கிவைத்துவிட்டு, “எவன்டா அவன்? தப்பு பண்ணா நான்தான்னு சொல்ற ஆம்பள இந்த ஆலையில ஒருத்தருதான் கீறாரு. அவரு மாட்டலன்னா சாமிக்கே புடிக்காது!” என்று கேட்ட கேள்வியில் ஆலையே அடங்கிவிட்டது. ஏழுமலை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் பாய் கையில் கொடுத்தான். பூஜை முடிந்து வயர்களை மாட்டிய பாய், “ஒரு சாமந்தி குடு நைனா” என்று வாங்கித் தொட்டியில் போட்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பூ சரியான பக்கம் ஓடியது. கைதட்டினோம். அன்று முதல் பூவைப் போட்டுப் பார்க்காமல் நம் ஆலையில் சுண்டல் கொடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது ஏதோ சாமிக்குச் செய்கிற சடங்கு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பாயின் கேள்வியும் கொஞ்சம் மாறிவிட்டது. கோளாறு வந்தால், “இரு, இத்த கடைசியா நான் தொட்டேனா?” என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்வார். இல்லை என்று உறுதியான பிறகுதான் எங்களிடம் வருவார். கர்வம் மட்டும் குறையவில்லை. “என் கையில மெஷின் பேஜாரு பண்ணாது” என்று சொல்வதை அவர் நிறுத்தவில்லை. “ஒரே ஒரு தடவதான்” என்று சேர்த்துக்கொள்வார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். என் முன்கோபத்துக்கு அதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. வீட்டில் ஒரு சாமானைக் காணோம் என்று சரோஜாவைக் கத்த வாயைத் திறக்கும்போதெல்லாம் பாய் குறுக்கே வந்து நிற்கிறார். கடைசியாகத் தொட்டது நானா? பாதி நேரம் நான்தான்.

அன்று காலையில் அந்த இரண்டு பாளங்களை நானும் ஏழுமலையும் வண்டியில் ஏற்றி, மரத்தூள் போட்டு, சாக்கைச் சுற்றினோம். ஸ்டோரைப் பூட்டிவிட்டு நானும் வண்டியோடு நடந்தேன். பாயின் வீட்டில் இளைஞர்கள் இறக்க வந்தார்கள். நான் விடவில்லை. நானே இறக்கி, நானே அவர் பக்கத்தில் வைத்தேன். வெயில் ஏறி இறங்கிய பிறகுதான் மகள் வந்து சேர்ந்தாள். பாளங்கள் ஓரத்தில் கரைந்து சிறுத்திருந்தன. நடுவில் அப்படியே கண்ணாடி மாதிரி இறுகி இருந்தன. அவள் முகத்துணியை விலக்கிப் பார்த்து, “வாப்பா அப்டியே தூங்கற மாதிரி கீறாரே” என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

அந்த ஐஸைக் கடைசியாகத் தொட்டது யார் என்று இருந்திருந்தால் பாய் கேட்டிருப்பார். நான்தான், பாய்.